கடல் வயலில் ஒரு களை

கடலுக்கும் நம் செஞ்சிக்கும் என்ன உறவு? திண்டிவனம் தாண்டி மரக்காணம் வரை போனால்தான் நமக்கு அலை கண்ணில் படும். ஐஸ் பெட்டியில் சந்தைக்கு வந்து சேரும் மீன்தான் நம்மில் பலருக்குத் தெரிந்த கடல். அப்படியிருக்க, கடலில் நடக்கும் பயிர்த்தொழிலைப் பற்றியும், அதைப் பாழாக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரைப் பற்றியும் நாங்கள் எழுதப் புகுந்தால் தோழியர் சிரிக்கக்கூடும். இதற்கெல்லாம் காரணம் செட்டிகுளம்.

கோட்டை அடிவாரத்துச் செட்டிகுளத்தின் படிக்கல்லில் வழுக்கலாகப் படிந்திருக்குமே, அந்தப் பாசியை எங்கள் அறிவியல் மன்றத்தார் ஒரு நாள் சுரண்டி எடுத்து வந்தோம். நுண்ணோக்கியில் பச்சைப்பசேல் என்று ஏதோ தெரியப் போகிறது என்று எண்ணிக் குனிந்தோம். தெரிந்ததோ வேறு. பொன்னும் பழுப்பும் கலந்த நிறத்தில் சின்னஞ்சிறு படகுகள்! துடுப்பும் இல்லை, பாயும் இல்லை. ஆனாலும் அவை மெல்ல நகர்ந்தன, ஒன்றோடொன்று முட்டின, பின்வாங்கின. எங்களில் இருவர் நுண்ணோக்கியை விட்டு எழவே மறுத்துவிட்டனர். அவற்றின் பெயர் டயாட்டம் என்றும், இவற்றின் கடல்வாழ் உறவினர் பெருகியதால் ஒரு நாட்டின் கடற்பாசி விளைச்சலே சரிந்து, மீனவர்கள் படகுகளில் திரண்டு போராடிய வரலாறு உண்டு என்றும் எங்கள் ஆசிரியை சொன்னார். அதைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். தமிழில் எல்லாவற்றையும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டுக் கொடுக்கிறார்களே கடற்பாசி, அது கண்ணுக்குத் தெரியும் பெரும்பாசியிலிருந்து எடுத்த பொருள். டயாட்டம் ஒற்றை உயிரணுவால் ஆன நுண்பாசி. இரண்டும் சூரிய ஒளியில் உணவு சமைப்பவை. இரண்டுக்கும் உப்பு நீரில் கரைந்துள்ள அதே உரச்சத்துகளே வேண்டும். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே சோற்றுப்பானை என்று வைத்துக் கொள்ளுங்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

டயாட்டத்தின் சிறப்பு அதன் வீடு. சிலிக்கா என்னும் கண்ணாடிப் பொருளால் அது தனக்கு ஓடு கட்டிக் கொள்கிறது. அடிப்பாகம் ஒன்று, அதன்மேல் சரியாகக் கவிழும் மூடி ஒன்று. நம் வீட்டு எவர்சில்வர் சம்புடம் போலத்தான். உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஒரு சேய் மூடியையும் மற்றொரு சேய் அடிப்பாகத்தையும் எடுத்துக் கொள்ளும். இரண்டுமே தமக்குக் கிடைத்ததை மூடியாக வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி புதிய அடிப்பாகத்தைச் செய்து கொள்கின்றன. இதனால் அடிப்பாகத்தைப் பெற்ற வழியில் தலைமுறைக்குத் தலைமுறை சம்புடம் சிறுத்துக்கொண்டே வரும். மிகவும் சிறுத்துப் போனபின் பாலினப் பெருக்கத்தின் வழியாக மறுபடி முழு அளவை அடையும். இப்படியும் ஒரு குடும்ப வழக்கம்!

இந்தக் கண்ணாடிக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோதுதான் எங்களுக்குச் செஞ்சி நினைவு வந்தது. மழைநீர் கருங்கற்பாறையை ஆண்டாண்டு காலமாக நுணுக்கி நுணுக்கிக் கரைக்கிறது. கரைந்த சிலிக்கா ஓடையில் இறங்கி, ஆற்றில் சேர்ந்து, கடலுக்குப் போகிறது. செஞ்சிக் குன்றுகளின் பக்கம் பிறந்து, வீடூர் அணையில் தங்கி, புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக்கடலில் விழும் சங்கராபரணிக்குச் செஞ்சியாறு என்றே இன்னொரு பெயர் உண்டு. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் அணுவணுவாகக் கரைந்து கடலில் கண்ணாடிப் படகாகின்றன என்றால் அது வெறும் கற்பனை அன்று. 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் நம் கோட்டையும் இடம் பெற்றபோது எல்லோரும் மதிலைப் பேசினார்கள். அடியில் இருக்கும் பாறையின் இந்த வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை!

டயாட்டத்தைப் பகைவன் என்று யாரும் எண்ணிவிட வேண்டா. உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றால் நடக்கிறது. இவற்றைத் தின்று சிறுபூச்சிகளும், அவற்றைத் தின்று மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. சிப்பிக்கும் மட்டிக்கும் இவையே அன்றாட உணவு. இறந்தபின் அடியில் படிந்த ஓடுகள் காலப்போக்கில் வெண்மண்ணாகின்றன. ஆல்ஃபிரட் நோபல் 1867இல் டைனமைட்டுக்கு உரிமம் பெற்றபோது வெடிநீரைச் சிந்தாமல் ஊறவைத்துக் கொள்ள அவருக்குக் கைகொடுத்தது இந்த மண்தான்.

ஆனால் அளவு மிஞ்சும்போது கதை மாறுகிறது. நல்ல வெயில், கலங்காத நீர், ஆறு கொண்டுவந்த உரச்சத்து மூன்றும் கூடிவிட்டால் டயாட்டம் நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும். சில இனங்கள் அதைவிட விரைவாகவும் பெருகும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒன்று பத்தாம் நாள் 1,024 ஆகும். இருபதாம் நாள் 10,48,576! இடையில் தின்பவை தின்றதும் இறப்பவை இறந்ததும் போக மிஞ்சுவதே நீரின் நிறத்தை மாற்றப் போதும். இதைத்தான் நுண்பாசிப் பெருக்கம் என்கிறோம்.

சில டயாட்டங்கள் நஞ்சும் செய்யும். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1987இல் மட்டி தின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றனர், மூவர் உயிரிழந்தனர். சூடோநிட்சியா என்ற டயாட்டம் செய்த டோமோயிக் அமிலமே காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்த நஞ்சு முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ஒரு கடற்பாசியிலிருந்து. ஜப்பானில் வயிற்றுப்பூச்சி மருந்தாக வழங்கிய அந்தப் பாசியின் பெயரே நஞ்சுக்கும் வந்தது. ஆனால் கடற்பாசித் தோட்டத்தை டயாட்டம் அழிப்பது நஞ்சினால் அன்று, பசியினால். அதைப் புரிந்துகொள்ள ஜப்பானின் அரியாக்கே வளைகுடாவுக்குப் போகவேண்டும்.

ஜப்பானின் தென்மேற்கே கியூஷு தீவில், ஃபுக்குவோக்கா, சாகா, நாகசாகி, குமமோட்டோ ஆகிய நான்கு மாவட்டங்கள் சூழ்ந்த ஆழமற்ற வளைகுடா அது. ஓதம் ஏறி இறங்கும் அளவு சில இடங்களில் 6 மீட்டர் வரை இருக்கும். மரக்காணத்துக் கடலில் ஒரு மீட்டரைக் கூட எட்டாது என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே குளிர்காலப் பயிராக நோரி என்ற செம்பாசியை வளர்க்கிறார்கள். வலைகளில் வித்து ஒட்டவைத்து அக்டோபரில் கடலில் கட்டுவார்கள். மார்ச் வரை மீண்டும் மீண்டும் அறுவடை செய்வார்கள். அறுத்த பாசியை அரைத்து, காகிதம் போல ஊற்றி, உலர்த்தினால் சோற்றைச் சுற்றித் தின்னும் கறுப்புத் தாள் கிடைக்கும். தாள் கறுத்துப் பளபளத்தால் நல்ல விலை. வெளிறியிருந்தால் வாங்க ஆள் இல்லை.

இந்த வேளாண்மையின் வேர் ஒரு பெண்ணின் கையில் இருந்தது என்பதை நம் பள்ளி மலரில் சொல்லாமல் போனால் அது குறையாகும். பழங்காலத்தில் நோரிக்கு வித்து எங்கிருந்து வருகிறது என்று எவருக்கும் தெரியாது. கடலில் வலையைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். ஒட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் அதற்கு அதிர்ஷ்டப்புல் என்ற பெயரே இருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற தாவரவியலாளர் இருந்தார். 1928இல் உடன் பணியாற்றியவரை மணந்ததால், மணமான பெண்களை வேலையில் வைப்பதில்லை என்ற அக்கால விதிப்படி அவர் விரிவுரையாளர் பணியை இழந்தார். ஆயினும் ஆராய்ச்சியை விடவில்லை. சிப்பி ஓட்டைத் துளைத்து வாழும் ஓர் இளஞ்சிவப்புப் பாசியைத் தனி உயிரினம் என்றே அறிஞர்கள் அதுவரை எண்ணியிருந்தனர். அது நோரி இனத்துப் பாசியின் இளமைப் பருவமே என்று 1949இல் அவர் கண்டு சொன்னார். சிப்பி ஓட்டில் வித்தை வளர்த்து வலைக்கு மாற்றும் முறை இதிலிருந்தே பிறந்தது. அவர் ஜப்பானைக் கண்ணால் கண்டதே இல்லை, 1957இல் காலமானார். அரியாக்கே கரையில் உள்ள ஊட்டோ நகரில் பாசி வேளாளர்கள் 1963இல் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் விழா எடுக்கின்றனர். நமக்கும் அது புத்தாண்டு நாள் அல்லவா!

இனி 2000ஆம் ஆண்டின் குளிர்காலத்துக்கு வருவோம். அந்த டிசம்பரில் அரியாக்கேயில் ரைசோசொலீனியா என்ற நீண்ட குழல் போன்ற டயாட்டம் பெருகத் தொடங்கியது. வழக்கமாக இத்தகைய பெருக்கம் சில நாளில் தணிந்துவிடும். அந்த ஆண்டு அது தணியவில்லை. புத்தாண்டு கடந்தும் வாரக்கணக்கில் நீடித்தது. வலையில் இருந்த நோரி அழுகவில்லை, அறுந்து போகவில்லை, நோய்ப்புள்ளியும் விழவில்லை. நிறம் மட்டும் இறங்கியது. கருஞ்சிவப்பு பழுப்பாகி, பழுப்பு வைக்கோல் நிறமாகி, வலை முழுதும் வெளிறிற்று. நிறம் இறங்கல் என்ற பொருளிலேயே அவ்வூர் மக்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் வயலில் இதை நாம் பார்த்திருக்கிறோம். நெல்லுக்குத் தழைச்சத்து குறைந்தால் என்ன ஆகும்? அடி இலைகள் முதலில் மஞ்சள் பாயும். பயிர் பழைய இலையில் இருந்த சத்தை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. நோரியும் அப்படியே. அதன் சிவப்புக்குக் காரணமான நிறப்பொருள் ஒரு புரதம். புரதம் என்றாலே அதில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் உண்டு. நீரில் சத்து இருக்கும்போது நோரி அதை நிறமாகச் சேர்த்து வைக்கும். இல்லாதபோது அந்தச் சேமிப்பை உடைத்து உயிர் பிழைக்கும். அரியாக்கேயில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்த நைட்ரஜன் சுமார் 0.1 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நிறம் இறங்கத் தொடங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு! அவ்வளவு சிறு அளவில் ஒரு மாவட்டத்தின் பிழைப்பு நிற்கிறது.

சரி, டயாட்டம் எப்படி முந்திக் கொள்கிறது? சிறியதாக இருப்பதே அதன் பலம். ஒரு முழு உருளைக்கிழங்கையும் பொடியாக நறுக்கிய ஒன்றையும் உப்பு நீரில் போட்டால் எதில் விரைவில் உப்பு ஏறும் என்பது சமையலறையில் நின்ற எவருக்கும் தெரியும். பருமனுக்கு ஏற்ற மேற்பரப்பு சிறியதற்கே அதிகம். அந்த மேற்பரப்பு முழுவதும் வாய். அதோடு நோரி வலையில் கட்டுண்டு கிடக்க, டயாட்டம் நீர் முழுவதும் பரவி, வரும் சத்தை வழியிலேயே எடுத்துக் கொள்கிறது. வயலுக்கு இட்ட யூரியாவைக் கோரை தின்றுவிட்ட கதைதான். வயற்களையைக் குனிந்து பறிக்கலாம். நீரோடு நீராக மிதக்கும் களையை எந்தக் கை பறிக்கும்?

அந்த ஆண்டு பெருக்கம் ஏன் அவ்வளவு நீடித்தது என்பதில்தான் சண்டை. வளைகுடாவின் ஒரு மூலையில் இசகாயா என்ற சிறுகுடா இருக்கிறது. நிலம் மீட்பதற்காக அதன் குறுக்கே 7 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை கட்டினார்கள். 1997 ஏப்ரல் 14 அன்று 293 இரும்புத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீரில் விழுந்து கடலை அடைத்த காட்சியை ஜப்பான் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. ட்ரூ அம்மையாரின் விழா நாளும் அதுவே. அணையால் ஓதத்தின் வேகம் குறைந்தது, சேற்றுநிலத்தில் வாழ்ந்து டயாட்டத்தைத் தின்ற சிப்பிகள் அழிந்தன, அதனால்தான் இந்தக் கேடு என்று மீனவர்கள் குற்றம் சாட்டினர். 2001 ஜனவரியில் நூற்றுக்கணக்கான படகுகளில் திரண்டு வந்து அணை வாயிலின் முன் முழக்கமிட்டனர். 2002இல் மதகைச் சில வாரம் திறந்து சோதித்தனர். 2010இல் ஃபுக்குவோக்கா உயர்நீதிமன்றம் ஐந்தாண்டுக்குத் திறந்து வைக்கத் தீர்ப்பளித்தது. ஆனால் மீட்ட நிலத்தில் பயிர் வைத்த உழவர்கள் உப்புநீர் வரும் என்று எதிர்வழக்குத் தொடுத்தனர். கடைசியில் 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் மீனவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. மதகு மூடியே இருக்கிறது.

யார் பக்கம் நியாயம்? எங்களுக்குள்ளேயே இரு கட்சி உண்டாயிற்று. அணை ஒன்றே காரணம் என்று சொல்ல அறிவியல் இடம் தரவில்லை என்பது ஒரு கட்சி. சிப்பிகள் குறைந்ததும் நீர் தெளிந்ததும் உண்மை, நீர் தெளிந்தால் டயாட்டத்துக்கு வெயில் கூடும் என்பதும் உண்மை, அப்படியிருக்க மீனவர் சொல்லைத் தள்ளுவது எப்படி என்பது மறு கட்சி. கட்டுரை எழுதும் எங்களில் பெரும்பாலோர் இரண்டாம் கட்சியே. 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் மழை பொய்த்து, ஆற்றுச்சத்து குறைந்து, டயாட்டமும் முந்திக்கொண்டு பெருகியது. அந்தப் பருவத்தில் ஜப்பானின் மொத்த விளைச்சல் 500 கோடித் தாளுக்கும் கீழே போயிற்று. 19 ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த சாகா அதை இழந்து, ஹியோகோ மாவட்டம் முன்னுக்கு வந்தது.

அந்த ஹியோகோவின் கதை எங்களை இன்னும் குழப்பியது. அது செட்டோ உள்நாட்டுக் கடலின் கரையில் இருக்கிறது. 1972 கோடையில் அக்கடலில் வேறொரு நுண்ணுயிர் பெருகி, கூண்டில் வளர்த்த 1 கோடியே 40 லட்சம் மீன்கள் மாண்டன. தொழிற்சாலைக் கழிவும் நகரச் சாக்கடையும் கடலில் உரத்தைக் கொட்டியதே அதற்குக் காரணம் என்று 1973இல் சட்டம் கொண்டு வந்து கழிவைக் கட்டுப்படுத்தினார்கள். கடல் தெளிந்தது. ஆனால் நோரி வெளிறியது! மிஞ்சிய கொஞ்சநஞ்சச் சத்தையும் குளிர்காலத்தில் யூகாம்பியா என்ற டயாட்டம் வந்து தின்றுவிட, பாசிக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. 2021இல் சட்டத்தைத் திருத்தி, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு சத்தைக் கடலுக்கு விட வழி செய்தார்கள். போட்டிக் கட்டுரைகளில் 'மாசை ஒழிப்போம்' என்று ஒரே மூச்சில் எழுதிப் பழகிய எங்களுக்கு இது உறைத்தது. உரம் மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. எந்தப் பருவத்தில், யாருடைய வாய்க்கு என்பதே கேள்வி.

அங்கே உள்ள மற்றொரு வழக்கம் நம் ஊருக்கு மிக நெருக்கமானது. ஹியோகோவின் அவாஜி தீவில் உழவர்களின் பாசன ஏரிகள் ஏராளம். அறுவடை முடிந்தபின் ஏரியை வடித்துத் தூர் வாருவது பழைய வழக்கம். நம் குடிமராமத்து மாதிரி. உழவர்க்கு வயதாகி ஆள் குறைந்ததால் அது நின்றுபோயிருந்தது. இப்போது நோரி வளர்க்கும் மீனவர்கள் கரையேறி வந்து, மண்வெட்டியோடு சேற்றில் இறங்கி உழவர்களுக்குத் துணை நிற்கிறார்கள். ஏரிச் சேற்றின் சத்து குளிர்காலத்தில் ஓடை வழியே கடலுக்குப் போய் நோரிக்கு நிறம் தருகிறது. ஏரிக்குத் தூரும் போயிற்று, கடலுக்கு உரமும் ஆயிற்று. ஏரிக்கரையில் வளர்ந்த நாங்கள் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசிக் கொண்டிருந்தோம்.

நம் நாட்டுக் கடற்பாசியும் பெண்களின் கையில்தான் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், மண்டபம், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவர்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, காலில் தகடு கட்டிக்கொண்டு, மார்பளவு நீரில் பாறை பாறையாகத் தேடி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறிப்பார்கள். பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. பாசி அழிந்து போகாதிருக்க மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே பறிப்பது என்று அவர்கள் தமக்குத் தாமே கட்டுப்பாடு வைத்துக் கொண்டதும் அப்பரிசுக்கு ஒரு காரணம்.

பறிப்பதோடு வளர்ப்பதும் பின்னர் வந்தது. கப்பாஃபைக்கஸ் என்ற அயல்நாட்டுச் செம்பாசியைப் பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1984இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. 2000இல் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இதை மண்டபம் பக்கம் பரப்பியதால் மக்கள் வாயில் அது பெப்சிப் பாசி ஆகிவிட்டது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் தெப்பம். அதில் 20 கயிறு. அவற்றில் முடிச்சு முடிச்சாகச் சுமார் 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் அது நான்கு மடங்காகும். பத்துக் கிலோ ஈரப்பாசி உலர்ந்தால் ஒரு கிலோ. அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக வைக்கிறது. மகளிர் குழுக்கள் இத்தொழிலில் முன்னே நின்று, குடும்பத்துக்குச் சொந்த வருமானம் காட்டின. எனினும் இது வந்தேறிப் பாசி என்பதை மறைக்கக் கூடாது. 2005இல் அரசு இதன் சாகுபடியை மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் தவிர்த்துப் பாக் நீரிணைப் பக்கம் போன்ற சில இடங்களுக்குக் கட்டுப்படுத்தியது. ஆயினும் 2008இல் குருசடைத் தீவின் பவளப் பாறைகள் மேல் இது படர்ந்து மூடியிருப்பது தெரிய வந்தது.

இந்தத் தோட்டங்களுக்கு டயாட்டம் செய்யும் தொல்லை சிறு அளவில் தினமும் நடப்பது. கடல் அசையாமல் கிடக்கும் நாட்களில் பாசித்தண்டின் மேல் பழுப்புப் பசையாகப் படியும். செட்டிகுளத்துப் படிக்கல்லில் பார்த்த அதே வழுக்கல். அது வெயிலை மறைக்கும். அதன்மேல் சேறு ஒட்டும். அப்புறம் நூற்பாசிகள் வந்து குடியேறும். ஆகையால் தெப்பத்தைக் கவனிப்பவர்கள் கயிற்றைப் பிடித்து அடிக்கடி உலுக்கிக் கழுவ வேண்டும். இந்த உலுக்கல்தான் இத்தொழிலின் பாதி உழைப்பு. ஜப்பானில் ஓதம் வடியும்போது வலைகளைக் காற்றில் உலரவிட்டும், புளிப்பு நீரில் தோய்த்தும் இதே பசையைக் கொல்கிறார்கள்.

பெருக்கமும் நம் கடலுக்குப் புதிதன்று. 2019 ஆகஸ்டில் சென்னைத் திருவான்மியூர் பக்கம் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தனவே, அதற்குக் காரணமான நாக்டிலூகா டயாட்டம் அன்று. டயாட்டத்தைத் தின்று கொழுப்பது. டயாட்டம் பெருகினால் அதைப் பின்தொடர்ந்து இதுவும் பெருகும். மறுமாதம் பாம்பன், மண்டபம் பக்கத்தில் கடல் பச்சை நிறமாகி மீன்கள் செத்து ஒதுங்கியதற்கும் அதுவே காரணம்; கோடிக்கணக்கில் மடிந்து அழுகும்போது நீரின் பிராணவாயு தீர்ந்து விடுகிறது. கப்பாஃபைக்கஸ் தோட்டங்களைச் சரித்த பெருங்கேடு மட்டும் வெப்பத்தால் வந்தது. 2013க்குப் பின் கடல் சூடேறித் தண்டுகள் வெளுத்து, முறிந்து, உதிர்ந்தன. அதுவரை ஏறிக்கொண்டிருந்த விளைச்சல் பெருமளவு விழுந்தது. வெளுப்பு என்று கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் நோரிக்கு வந்தது பசி, இதற்கு வந்தது சூடு. மருத்துவர் நாடி பார்ப்பது போல நீரைச் சோதித்தால் அல்லாமல் எது என்று சொல்ல முடியாது.

ஜப்பானில் பாசிப் பருவம் முழுவதும் மாவட்ட மீன்வள நிலையங்கள் நீரை அள்ளி, நைட்ரஜன் எவ்வளவு, டயாட்டம் எத்தனை என்று எண்ணி மீனவர்க்கு அறிவிக்கின்றன. எண்ணிக்கை ஏறினால் நிறம் இறங்குமுன் அறுத்துவிடலாம். இளம்பாசி ஒட்டிய வலையை உறைகுளிர்ப் பெட்டியில் போட்டு வைத்துப் பெருக்கம் தணிந்தபின் மறுபடி கடலில் கட்டலாம். நோரி அதையும் தாங்கிப் பிழைக்கும். வெப்பக்கடலில் வளரும் கப்பாஃபைக்கஸ் உறைகுளிரைத் தாங்காது. ஆகவே நம் பெண்களுக்கு நீரின் கணக்கு இன்னும் முன்னதாகவே கிடைக்க வேண்டும். தெப்பங்கள் பெருகப் பெருக, தெப்பத்துக்கு மானியம் என்று பேசும் அளவுக்கு நீர்ச்சோதனையைப் பற்றியும் பேசுவார்களானால் எங்களுக்கு மகிழ்ச்சி.

எங்கள் கண்ணாடி வில்லை ஆய்வகத்தில் இன்னும் இருக்கிறது. மூன்றாம் நாளே நீர் வற்றி, பொன்னிறம் போய்விட்டது. ஓடுகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. கவனமாகப் பார்த்தால் அவற்றின் மேல் சீப்புப் பல் போன்ற கோடுகள் கூடத் தெரியும். பார்க்க விரும்பும் தோழியர் மதிய இடைவேளையில் வரலாம்.